23-க்குச் செய்த பிரேமில் 28 டயர்: ஒரு பழைய ரோடு பைக்கின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2011-இல் வாங்கியது. அலுமினிய பிரேம், கார்பன் போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 700-க்கு 23 டயர் (23 என்பது மி.மீ. கணக்கில் அகலம்), முன்னும் பின்னும் ரிம்மை இரு பக்கமும் கவ்வும் காலிப்பர் பிரேக். வைத்திருப்பவர் கோவையில் லேத் பட்டறை நடத்துகிறார்; ஐம்பது வயதைக் கடந்தவர். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும் 300 கிலோமீட்டரை இருபது மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டிய பிரெவே என்னும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் விடாமல் கலந்துகொள்கிறவர். வண்டியை என்னிடம் கொண்டுவந்தபோது அவருக்கு இரண்டு குறைகள் இருந்தன. நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. பின்சக்கரம் அடிக்கடி பஞ்சராகிறது; ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் முள்ளோ ஆணியோ இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு வெட்டுகள் மட்டுமே இருக்கின்றன.

“டயரை 32 ஆக்கினால் இரண்டும் தீரும் என்கிறார்கள், தம்பி. பிரேம் இடம் கொடுக்குமா என்று பாருங்கள்” என்றார்.

அந்த இரட்டை வெட்டு எதனால் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது டயர் முழுவதும் நசுங்கி, ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் சாலைக்கும் நடுவில் ட்யூப் அகப்பட்டுக்கொள்கிறது. 23 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் காற்றின் உயரம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் அவர் 115 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டினார். அப்படியும் பஞ்சர் நிற்கவில்லை; அந்த அழுத்தம் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே.

பிரேம் ஏன் இவ்வளவு நெருக்கம்

தொண்ணூறுகளிலும் அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளிலும் பந்தய வண்டி என்றால் 23 அல்லது அதைவிட மெல்லிய டயர்தான். ஒல்லியான டயரைக் கல்போல் இறுக்கினால் வேகம் கூடும் என்று எல்லாரும் நம்பினார்கள். வழவழப்பான இரும்பு உருளையில் டயரை உருட்டிச் சோதித்தபோது கிடைத்த விடை அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றது. உண்மையான சாலையில் வண்டியும் ஆளும் அதிர்வதில் வீணாகும் சக்தி அந்தச் சோதனையில் தெரியாது. பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கல் பாவிய பாதைகளுக்கு மட்டும் வீரர்கள் அகல டயர் மாட்டினார்கள். மற்ற நாள்களில் பழையபடி ஒல்லி டயருக்கே திரும்பினார்கள். அந்தக் காலத்துப் பிரேம்களில் பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டையின் நடுப்பகுதி வரை 39 முதல் 49 மி.மீ. வரைதான் தூரம். டயரின் தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை அந்த ஓர் அளவே தீர்மானித்துவிடுகிறது. சுற்றுலா வண்டிகளுக்கு வரும் 47 முதல் 57 மி.மீ. வரை நீளும் காலிப்பருக்கு இந்த நெருக்கடி இல்லை.

2018-இல் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கிடைத்த பிறகு டயரின் தலைக்கு மேலே காலிப்பர் என்ற பூட்டு இல்லாமல் போனது. 32 டயர் புகும் பந்தய பிரேம் இன்று சாதாரணம். நம் ஊரில் பலர் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டிகளைத்தான். அவற்றில் நல்ல பிரேம்கள் நிறைய உண்டு. டயருக்காக அவற்றைத் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டயரில் எழுதியிருக்கும் எண்

கடையில் வெறுமனே “28 டயர்” என்று கேட்கக் கூடாது. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் 28 என்றால் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பெரிய சைக்கிளின் 28-க்கு 1½ டயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; ரோடு பைக்குக்கு 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றொன்றில் சேராது. டயரின் பக்கச் சுவரில் 28-622 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்த 28 என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. டயர் எவ்வளவு அகலமாக விரியும் என்பது ரிம்மின் உட்புற அகலத்தைப் பொறுத்தது. உட்புறம் 1 மி.மீ. கூடினால் டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. பெருக்கும். இவருடைய ரிம் பழையது, உட்புறம் 15 மி.மீ. அதில் 28 டயரை மாட்டிக் காற்றடித்து ஒரு நாள் வைத்து அளந்தபோது 27.4 மி.மீ. வந்தது. அதே டயரை இன்றைய 19 மி.மீ. ரிம்மில் போட்டால் 29-ஐ எட்டும். பழைய பிரேமுக்குப் புதிய அகல ரிம்மும் அகல டயரும் ஒன்றாக வாங்கி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். டயர் பிரேமில் உரசியதும், டயர் தயாரித்தவர் பொய் சொல்லிவிட்டார் என்று கோபப்படுவார்கள். இங்கே பழைய ரிம்மே நமக்குக் கைகொடுத்தது.

அளந்த இடங்கள்

அவர் பட்டறைக்காரர் என்பது வேலையை எளிதாக்கியது. வெர்னியர் காலிப்பரோடு வந்தவர், நைலான் கம்பியை லேத்தில் கடைந்து 4 மி.மீ. விட்டத்தில் ஓர் அளவுக் குச்சியும் செய்துகொண்டு வந்தார். காற்றடித்த சக்கரத்தைச் சுற்றும்போது இந்தக் குச்சி டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் எங்கும் தட்டாமல் போக வேண்டும். வீட்டில் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு 4 மி.மீ. ஆலன் கீ போதும்.

4 மி.மீ. ஏன் என்று அவர் கேட்டார். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு விதி 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்கிறது. கோட்டம் இல்லாத புதுச் சக்கரம், சுத்தமான சாலை என்றால் அது ஒருவேளை போதலாம். ஓடும் வண்டியில் நடப்பது வேறு. எழுந்து நின்று ஏற்றம் மிதிக்கும்போது பின்சக்கரம் பக்கவாட்டில் நெளிகிறது. புது டயர் முதல் சில வாரங்களில் கொஞ்சம் விரிகிறது. ஒரு ஸ்போக் கம்பி அறுந்தால் ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. கம்பி எண்ணிக்கை குறைந்த சக்கரத்தில் அந்த இழுப்பு இன்னும் அதிகம். தார் போட்டுப் புதிதாக ஜல்லி தூவிய சாலையில் கற்கள் டயரில் ஒட்டிக்கொண்டு மேலேறுகின்றன. இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் 1.6 மி.மீ. மறைந்துவிடும். பின்னால் உரசினால் பிரேம் தேயும். முன்னால் போர்க்கின் தலையில் கல் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில் பாரைத் தாண்டிப் போய் விழுவார். பிரேம் தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் 4 மி.மீ. கணக்குக்குக் கீழே போக நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

பின்பக்கம் முதலில். பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு செயின் ஸ்டேக்களும் (பின்சக்கர அச்சுக்குப் போகும் பிரேம் குழாய்கள்) டயரின் அகலமான பகுதியைத் தாண்டும் இடத்தில் உட்புற அகலம் 37 மி.மீ. இருந்தது. 27.4 போக மீதியை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 4.8 மி.மீ. குச்சி தாராளமாகப் போனது. அவர் கேட்ட 32 டயர் அளவில் 31.5 ஆகவே வந்தாலும் பக்கத்துக்கு 2.75-தான் மிஞ்சும். 32 பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. பின் பிரேக்குக்கு அடியில் 7 மி.மீ., சீட் ட்யூபுக்கும் (சீட்டைத் தாங்கும் பிரேம் குழாய்) டயருக்கும் நடுவில் 11 மி.மீ. இருந்தன. முன் டிரெய்லியரின் (முன் செயின் வளையங்களுக்கு இடையே செயினை மாற்றும் கருவி) கேபிள் பிடிக்கும் கையும் டயரைத் தொடவில்லை. பலர் பார்க்கத் தவறும் இடம் அது. செயின் வளையத்தை மாற்றும்போது அந்தக் கை டயர் பக்கம் சாய்கிறது.

முன்பக்கத்தில்தான் சிக்கல். போர்க்கின் இரு கால்களுக்கு இடையே பக்கத்துக்கு ஆறு மி.மீ. அளவுக்கு இடம் இருந்தது. டயரின் தலைக்கு மேலே பார்த்தால் 3 மி.மீ. மட்டுமே. குச்சி போகவில்லை. பின்சக்கரத்தில் 28, முன்சக்கரத்தில் 25 என்று முடிப்பது எளிய வழி. எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின்சக்கரத்தில் இறங்குவதால் அதில் நியாயமும் உண்டு. பஞ்சர் மட்டுமே குறையாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இவருக்குக் கையும் மரத்துப்போகிறது. கைக்கு வரும் அதிர்வு முன்சக்கரத்திலிருந்து வருகிறது.

ஆகவே அந்த 3 மி.மீ. எங்கே முட்டுகிறது என்று உற்றுப் பார்த்தோம். போர்க்கின் தலையில் முட்டியிருந்தால் போர்க்கையே மாற்ற வேண்டும். நீண்ட போர்க் போட்டால் வண்டியின் முன்பகுதி உயர்ந்து, தலைக்கோணம் சாய்ந்து, திருப்பத்தில் வண்டி நடந்துகொள்ளும் விதமே மாறும். நல்ல வேளையாக, முட்டியது பிரேக் காலிப்பரின் அடிப்புறம். போர்க்கின் தலை அதைவிட 2 மி.மீ. உயரத்தில் இருந்தது.

அரத்தால் தீர்க்கக் கூடாதது

“ஒரு மி.மீ.தானே? காலிப்பரைக் கழற்றிக் கொடுங்கள், கிரைண்டரில் எடுத்துவிடுகிறேன்” என்றார் அவர். உலோகத்தில் மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற கை அது. செய்தால் அழகாகவே செய்வார். நான் மறுத்துவிட்டேன். காலிப்பரின் கை மேலே வளைந்து போல்ட்டைச் சுற்றும் இடத்தில்தான் பிரேக் பிடிக்கும்போது இழுவிசை முழுவதும் இறங்குகிறது. அங்கே தடிமனைக் குறைத்துவிட்டு ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறி, அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை நம்பி இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கார்பன் போர்க்கில் அரம் வைப்பது இதைவிட மோசம். இழைகள் அறுந்தால் வெளியே தெரியாது, உடையும்போது முன்னறிவிப்பும் இருக்காது. பிரேம் இடம் தராவிட்டால் டயரைச் சிறியதாக்குங்கள். பிரேமைத் தேய்க்காதீர்கள்.

வழி வேறாக இருந்தது. 28 டயர் வரை போகும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் பிந்தைய தலைமுறைக் காலிப்பர்களில் அடிப்புற வளைவு கொஞ்சம் உயர்ந்திருக்கும். அப்படி ஒன்றை முன்னால் மட்டும் மாற்றினோம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லீவர் இழுக்கும் கேபிளின் நீளமும் காலிப்பர் எதிர்பார்க்கும் நீளமும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் பிரேக் மரக்கட்டைபோல் இறுகும் அல்லது கைப்பிடி வரை இழுத்தாலும் பிடிக்காது. கையிலிருந்த லீவரோடு சேரும் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொன்ன காலிப்பரைத்தான் வாங்கினோம். மாட்டியபின் தலைக்கு மேலே 5 மி.மீ. கிடைத்தது. நைலான் குச்சி சுற்று முழுவதும் தட்டாமல் போனது.

இத்தோடு சில சில்லறை மாற்றங்கள். காற்றடித்த 28 டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது; காலிப்பரின் விடுவிப்பு நெம்பை முழுவதும் திறந்து, கொஞ்சம் காற்றை இறக்கித்தான் சக்கரத்தைக் கழற்ற முடிகிறது. நடுவழியில் பஞ்சரானால் முதலில் சிரமமில்லை, காற்று தானாகவே போயிருக்கும். திரும்ப மாட்டும்போது மட்டும் சக்கரத்தைப் பூட்டிய பிறகு காற்றடிக்க வேண்டும். ட்யூபையும் 25–32 அளவுக்கு மாற்றினோம், 18–23 ட்யூபை இழுத்துப் போட்டால் அதன் சுவர் மெலிந்துவிடும். திருப்பத்தில் காலணியின் முனை முன் டயரில் படுகிறதா என்றும் பார்த்தோம், படவில்லை. சிறிய பிரேம்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். வேகமானியில் சக்கரச் சுற்றளவு 2096 மி.மீ. என்று இருந்தது, 28-க்கு அது 2136. மாற்றாமல் விட்டால் 200 கிலோமீட்டர் போனபின் 196 என்றுதான் காட்டும். பாதைக் குறிப்பைக் கிலோமீட்டர் கணக்கில் பார்த்துத் திரும்புகிற பிரெவேயில் அது வழி தவறப் போதுமான வித்தியாசம்.

காற்றை இறக்காவிட்டால்

இந்த வேலை முழுவதிலும் அவரை நம்பவைக்க நான் அதிகம் பேச வேண்டியிருந்தது இதற்குத்தான். டயரை மாட்டி முடித்ததும் அவர் கை பழக்கத்தில் பம்பை எடுத்து 115 வரை அடித்துவிட்டது. ஒரு சுற்று போய் வந்து, “முன்பைவிடக் கடினமாக இருக்கிறதே” என்றார். அவர் உணர்ந்தது சரி.

டயரின் துணிச் சுவரில் இருக்கும் இழுவிசை, காற்றழுத்தத்தையும் டயரின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. 23 டயரின் ஆரம் 11.5 மி.மீ.; 115-ஆல் பெருக்கினால் 1322. இந்தப் புது டயரின் ஆரம் 13.7, அதே 115-க்கு 1575. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிக இறுக்கம். அகல டயரை வாங்கிப் பழைய அழுத்தத்திலேயே ஓட்டுபவர், காசு கொடுத்து இன்னும் கடினமான சவாரியை வாங்குகிறார். பழைய குறுகிய ரிம்மின் விளிம்புகளுக்கும் அது நல்லதல்ல. டயர் அகலமாக ஆக, அதே அழுத்தம் அந்த விளிம்புகளை வெளிப்பக்கமாக இன்னும் பலமாகத் தள்ளுகிறது.

அவர் எடை, வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 92 கிலோ. பின்சக்கரத்தில் ஏறத்தாழ 54, முன்சக்கரத்தில் 38. சக்கரத்தின் மேல் டயர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கச் சைக்கிள் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோ அளந்து தந்த ஒரு கணக்கு உண்டு: சுமை ஏறியதும் டயரின் உயரத்தில் 15 சதவீதம் குறைய வேண்டும். அதை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு, நம் சாலைகளைக் கருதி இன்னும் கொஞ்சம் இறக்கி, பின்னால் 80, முன்னால் 70 பி.எஸ்.ஐ. என்று நிறுத்தினேன். 80-ஐ 13.7-ஆல் பெருக்கினால் 1096. பழைய 23-இன் இறுக்கத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 54 கிலோவைத் தாங்க 115 பி.எஸ்.ஐ.யில் சாலையோடு ஒட்டும் பரப்பு ஏழு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. 80-இல் ஒன்பதரையைத் தாண்டுகிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது அது பேசும்.

“இவ்வளவு குறைத்தால் இழுக்காதா?” என்றார். இந்தச் சந்தேகம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருகிறது. டயர் உருளும்போது சக்தியைத் தின்பது அதன் ரப்பரும் துணியும் வளைந்து நிமிர்வதுதான். ஒரே அழுத்தத்தில் அகல டயர், ஒல்லி டயரைவிடக் குறைவாகவே வளைகிறது. அழுத்தத்தைக் குறைக்கும்போது அந்த லாபத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறோம். கொடுத்ததற்கு ஈடாக, ஓட்டுபவரின் உடல் குலுங்குவதில் வீணாகிற சக்தி மிச்சமாகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களிலும் வரிசையாக வெள்ளைக் கோடு போட்ட வேகத்தடைகளிலும் அந்த மிச்சம் சிறியதல்ல. புது டயர் ஒவ்வொன்றும் பழையதைவிட அறுபது எழுபது கிராம் கனம். மருதமலை ஏற்றத்தில்கூட அதை அவர் உணரவில்லை.

ஓட்டிய பிறகு

செயின் ஸ்டேக்களின் உட்புறத்திலும் போர்க்கின் தலைக்கு அடியிலும் மெல்லிய டேப் ஒட்டி அனுப்பினேன். மருதமலை ஏற்றத்தில் முழு பலத்தோடு எழுந்து நின்று மிதிக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது டேப்பில் தூசி மட்டும்தான் இருந்தது, உரசிய தடம் இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஹேண்டில் பாரின் உயரத்தையும் மாற்றலாம் என்று அவர் கேட்டபோது, முதலில் டயரோடு ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டம் போய் வாருங்கள் என்றேன். போய் வந்தார். இரட்டை வெட்டுப் பஞ்சர் வரவில்லை, அதற்குப் பிறகும் இதுவரை வரவில்லை. நேரமும் கூடவில்லை. விரல் மரத்துப்போவது நன்றாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. வலது கையில் கடைசி ஐம்பது கிலோமீட்டரில் வந்தது. அதன் பிறகுதான் ஹேண்டில் பாரை ஒரு வாஷர் அளவு உயர்த்தி, பிரேக் லீவர்களைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினோம். மிச்சமிருந்த மரப்பு அதில் போனது. உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் நரம்பு நசுங்குவதற்கு அதிர்வு ஒரு காரணம், கை ஊன்றும் கோணம் இன்னொரு காரணம். டயரால் முதலாவதைத்தான் சரிசெய்ய முடியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எந்தப் பலன் எதனால் வந்தது என்று தெரிந்திருக்காது.

இந்தப் பிரேமால் செய்ய முடியாதவையும் இருக்கின்றன. மட்கார்டு போட இனி இடமில்லை. உடுமலைப் பக்கத்துக் கிளைச் சாலைகளில் மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும், 5 மி.மீ. இடைவெளி அந்த மண்ணுக்கு ஒன்றுமே இல்லை, சில நிமிடங்களில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட பாதைகளில் மழைக்காலத்தில் போகத்தான் வேண்டும் என்றால் 35 டயருக்கு இடம் தரும் வேறு பிரேம்தான் வேண்டும். அவர் அங்கே போவதில்லை, அதனால் அந்தப் பேச்சு எழவில்லை.

சில மாதங்கள் கழித்து வழக்கமான பராமரிப்புக்கு வண்டி வந்தபோது மறுபடி அளந்தேன். டயர் 27.4-இலிருந்து 27.9 ஆக விரிந்திருந்தது. செயின் ஸ்டேயில் பக்கத்துக்கு 4.5 மி.மீ., முன் பிரேக்குக்கு அடியில் நாலரைக்குச் சற்று மேல். பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக் கம்பி தளர்ந்து அரை மி.மீ. கோட்டம் விழுந்திருந்தது, அதை எடுத்தேன். நைலான் குச்சி இப்போதும் போகிறது, ஆனால் முன்போல் தாராளமாக அல்ல. அடுத்த டயர் வாங்கும்போது அதே 28 என்று எழுதியிருந்தாலும் வேறு தயாரிப்பு என்றால், காற்றடித்து அளந்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லி, இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பட்டறைச் சுவரில், மற்ற வேலைகளின் அளவுத் தாள்களோடு மாட்டிவைத்திருக்கிறார்.